முட்டை சிக்கிய வாத்து: முதல் ஒரு மணி நேரத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை

எங்கள் வீட்டுக் காக்கி கேம்பல் இனப் பெட்டை வாத்துக்குச் செம்பி என்று பெயர். விடிவதற்குள் முட்டையிட்டுவிட்டு, கூட்டைத் திறந்ததும் முதல் ஆளாகத் தொட்டிக்கு ஓடுகிற ரகம். போன மார்கழியில் ஒரு காலை ஏழு மணிக்கு மற்ற மூன்றும் தண்ணீரில் கிடக்க, இது மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. வால் தொங்கியிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடியது. வைக்கோலைக் கிளறிப் பார்த்தேன், முட்டை இல்லை. குளிராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அது முதல் தவறு; முட்டை உள்ளேயே சிக்கியிருந்தது. அன்று இரவு முட்டை வெளியே வந்ததும் நிம்மதியாகப் படுக்கப் போனது இரண்டாவது தவறு. செம்பியைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது இந்த இரண்டாவதுதான். அதனால் இதில் பாதிக்கு மேல், முட்டை வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன ஆகிறது

பெட்டை வாத்துக்கு இடப்பக்கத்துச் சூலகமும் இடப்பக்கத்து முட்டைக்குழாயும் மட்டும்தான் வேலை செய்யும். மஞ்சள் கரு விடுபட்டு, வெள்ளைக் கரு சுற்றி, சவ்வு மூடி, ஓடு படிந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம் ஓடு படிவதற்கே போய்விடும். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். அந்த முட்டையைத் தள்ளுகிற தசை சுருங்கவும் அதே கால்சியம் வேண்டும். தீனியில் கால்சியம் குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடும். ஓடு மெல்லிசாகும், தசைக்குப் பலம் போகும். ஓடு சரியாகப் படியாத தோல்முட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அதுதான் அதிகம் சிக்கும், ஏனென்றால் தசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

கால்சியம் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. முதல் முட்டையிடும் இளம் பெட்டை, இரட்டைக் கரு முட்டை, உடம்பில் ஏறிய கொழுப்பு, வருடம் முழுக்க ஓய்வில்லாமல் இடுவது, ஏற்கெனவே குழாயில் இருக்கும் சீழ் என்று பல உண்டு. காக்கி கேம்பல் போன்ற இனங்கள் வருடத்துக்கு 250, 300 என்று இடுகிறவை. அந்த உடம்புக்கு அது சின்ன வேலை இல்லை.

சிக்கிய முட்டை சும்மா இருக்காது. பறவைக்குக் குடல், சிறுநீர்க்குழாய், முட்டைக்குழாய் மூன்றும் போய்ச் சேருவது ஒரே அறையில். முட்டை அந்த வாயை அடைத்தால் எச்சமும் போகாது. இடுப்பில் ஓடும் நரம்பை அழுத்தினால் கால் துவண்டுவிடும். அதனால்தான் இதை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும்.

முதல் படி: அதுதானா என்று பார்ப்பது

வாலாட்டம், பெங்குவின் போல நிமிர்ந்து நிற்பது, கூட்டுக்குள் போய்ப் போய் வெறுங்கையோடு திரும்புவது, முக்குவது, தண்ணீரைக் கண்டும் இறங்காமல் நிற்பது, பாதி மூடிய கண், நின்றுபோன எச்சம் அல்லது தண்ணீராகப் போகும் எச்சம். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்து, அன்றைய முட்டையும் காணவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. வாத்து நோயை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது அதற்கு ஏற்கெனவே பல மணி நேரம் ஆகியிருக்கும்.

அடை உட்கார்ந்த வாத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது சிலிர்த்துக்கொண்டு சீறும், கையைக் கொத்த வரும். முட்டை சிக்கியது சீறாது. இன்னொன்று: ஒரே நாளில் இரண்டு, மூன்று வாத்து சுருண்டால் அது முட்டைப் பிரச்சினை இல்லை. வாத்துப் பிளேக்கோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். செத்ததைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

தூக்கும் முறையும் முக்கியம். டெல்டாவில் வாத்து மேய்ப்பவர்கள் கழுத்தைப் பிடித்து லாவகமாகத் தூக்குவார்கள்; அது அவர்கள் கைப்பழக்கம். முட்டை சிக்கியதை அப்படித் தூக்கக் கூடாது, காலைப் பிடித்தும் தூக்கக் கூடாது. இறக்கைகளை உடம்போடு சேர்த்து, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து, அடிவயிறு அழுந்தாமல் எடுங்கள். பிறகு எச்சத்துவாரத்துக்கும் நெஞ்செலும்பின் முனைக்கும் நடுவில் இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தைத் துணிக்கு மேல் தொட்டது போல உருண்டையாகத் தட்டுப்பட்டால் முட்டை அங்கே இருக்கிறது. தட்டுப்படாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. தோல்முட்டை விரலுக்குத் தெரியாது. தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி வயிறு தளதளத்தால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

தொடுவதற்கும் அமுக்குவதற்கும் வித்தியாசம் உண்டு. அமுக்கினால் ஓடு உள்ளே உடையும், சில்லு குழாயைக் கிழிக்கும். பிதுக்கி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாம் படி: சூடு, இருட்டு, கால்சியம்

மற்ற வாத்துகளிடமிருந்து பிரித்து, அட்டைப்பெட்டியிலோ துணிக்கூடையிலோ பழைய டவல் விரித்து, சந்தடி இல்லாத அறையில் வையுங்கள். சுற்றியுள்ள காற்று 29 முதல் 32 டிகிரி வரை இருந்தால் போதும். மார்கழி இரவில் ஒரு பக்கம் மட்டும் 60 வாட் குண்டு பல்பு போடலாம்; வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விடுங்கள். சித்திரை வெயிலில் பல்பைத் தொடவே தொடாதீர்கள், அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கால்சியத்தைத் திரவமாகக் கொடுப்பது நல்லது. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். அளவு வாத்தின் எடையைப் பொறுத்தது. அதனால் முதலில் எடை போடுங்கள். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்து, பூஜ்யமாக்கி, வாத்தை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. எடையைச் சொல்லி மருத்துவரிடம் போனில் அளவு கேளுங்கள்.

கொடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. சிரிஞ்சை நடுவாயில் வைத்து அழுத்தினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். டவலில் சுற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது அலகைச் சப்பி விழுங்கும். அடுத்த சொட்டு. ஒரு மில்லி கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. கால்சியம் நாலாபக்கமும் தெறித்தது. என் சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

மூன்றாம் படி: வெந்நீர்த் தொட்டி

குழந்தையைக் குளிப்பாட்டும் பதம், 38 முதல் 40 டிகிரி. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். எச்சத்துவாரம் முழுகும் அளவு தண்ணீர், 15 முதல் 20 நிமிடம், ஆறினால் வெந்நீர் சேர்த்துக்கொண்டே. எப்சம் உப்பு இருந்தால் ஒரு கைப்பிடி போடலாம், இல்லாவிட்டாலும் மோசமில்லை. போட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பேதியாகும்.

தண்ணீரிலிருந்து எடுத்ததும் நன்றாகத் துவட்டி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து உலர்த்துங்கள். நோயுற்ற வாத்து இறகைக் கோதி எண்ணெய் பூசிக்கொள்ளாது, இறகு தண்ணீரை உறிஞ்சும், குளிர் ஏறும். உலர்ந்த பிறகு எச்சத்துவாரத்தின் விளிம்பில், தண்ணீரில் கரையும் வழுவழுப்பு ஜெல்லைத் தடவுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் இறகில் பரவி வீணாக்கும். ஜெல்லை விளிம்பில் மட்டும் தடவுங்கள், உள்ளே விரல் விட வேண்டாம். பிறகு பெட்டியில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்காமல் இருங்கள். எனக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்துவது

இரண்டு முறை வெந்நீர், ஒரு முறை கால்சியம், அதற்கும் மசியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அறிகுறி தெரிந்து 24 மணி நேரம் ஆவதற்குள் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்: ரத்தம், உடைந்த ஓட்டுச் சில்லு, கால் துவளுவது, சூட்டைக் குறைத்தும் நிற்காமல் வாய் திறந்து மூச்சு வாங்குவது, வெளியே தள்ளிய சிவப்புச் சதை.

அந்தச் சதை முட்டைக்குழாய். சுத்தமான உப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத் துணி மூடி, காயாமல் எடுத்துப் போக வேண்டும். மற்ற வாத்துகள் கண்டால் கொத்திவிடும், தனியே வையுங்கள். வீக்கம் இருந்தால் தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவினால் நீரை இழுத்துச் சற்றே வற்றும்.

யாரிடம் போவது என்பது நம் ஊரில் பெரிய கேள்வி. நான் முதலில் போன இடத்தில், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, அறுத்துடலாமே" என்றார்கள். கோபப்பட்டுப் பயனில்லை; வாத்து அங்கே கறிக்கான பறவை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இருக்கும் மருத்துவமனைகள் பறவை பார்த்துப் பழகியவை: 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 எண்ணையும் அழைத்துக் கேட்கலாம்.

அங்கே ஊசி வழியாகக் கால்சியம், நீர்ச்சத்து, வலி மருந்து, எக்ஸ்ரே. ஓடு இல்லாத முட்டை எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அதற்கு ஸ்கேன். குழாய்த் தசையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் போடுங்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வழி திறக்காமல் அந்த ஊசி போட்டால் மூடிய கதவின் மேல் முட்டையை மோதுவது போலாகும், குழாய் கிழியலாம். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி எடுப்பார்கள். கடைசி வழி அறுவை.

முட்டை வந்த பிறகு

செம்பியின் முட்டை இரவு ஒன்பதரைக்கு வந்தது. டவலில் ஒரு பக்கம் நசுங்கி, காகிதம் போல ஓடு, கூடவே மஞ்சள் கரு கசிந்திருந்தது. சில்லுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு குறைந்தது. டவலில்தான் எங்கோ ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் அதன் எச்சம் பச்சை கலந்த மஞ்சளாகி நாறியது. பின்னிறகில் சீழ் ஒட்டியிருந்தது. அந்தத் துண்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

அதனால் முட்டை வந்ததும் முதல் வேலை ஓட்டை அடுக்கிப் பார்ப்பது. முழுசாக இல்லாவிட்டால், வாத்து நன்றாகத் தின்றாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். முழுசாக இருந்தாலும் பத்து நாள் காவல் உண்டு. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்பு போலத் தட்டுப்பட்டால் சதை கரைகிறது. எச்சத்தின் நிறம், வாடை, எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகு. நம் ஊர் வெயிலில் அழுக்கான இறகில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். வெந்நீரால் கழுவி உலர்த்துவதைக் காலை, மாலை இரு வேளையும் விடாமல் செய்யுங்கள்.

தொற்று இரண்டு விதமாக வரும். ஒன்று குழாய்க்குள் சீழ் பிடிப்பது, பெரும்பாலும் எச்சத்துவாரம் வழியாக மேலேறும் இ-கோலை (E. coli) கிருமியால். சில சமயம் வேகவைத்த முட்டையை மசித்து அடுக்கியது போல, பாலாடைக் கட்டி மாதிரி ஒரு உருண்டை வெளியே வரும். முட்டை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். கவரில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அங்கே அழுகுவது. முன்னே சொன்ன தளதளத்த வயிறு இதுதான். நீரை மருத்துவர் ஊசியால் வடிப்பார். நாம் தொடக் கூடாது.

ஆன்டிபயாடிக்: மூன்று விஷயம்

முதலாவது, மருத்துவர் சொன்ன எல்லா நாளும் கொடுப்பது. மருந்து தொடங்கி நான்காம் நாள் செம்பி நத்தை தேடி ஓடியது, நான் மருந்தை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் தொற்று திரும்ப வந்தது, முன்பைவிட மோசமாக. இரண்டாம் தடவை சீழை எடுத்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்த பிறகே மருந்து எழுதினார்கள். முதல் தடவையே கேட்டிருக்கலாம்.

இரண்டாவது, கால்சியமும் மருந்தும் ஒன்றாகப் போகக் கூடாது. வாத்துகளுக்கு அதிகம் எழுதப்படும் என்ரோஃப்ளோக்ஸசின், டெட்ராசைக்ளின் வகைகள் குடலில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் ஏறாமல் வெளியேறிவிடும். கால்சியமும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்ற நிலையில் இது எளிதாக மறந்துபோகும். மருந்து வேளைக்கு முன்பே, கால்சியத்துக்காக வைத்த கிளிஞ்சல் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இடைவெளி எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, குடிநீரில் கலக்காதீர்கள். நோயுற்றது குறைவாகக் குடிக்கும், வாத்து பாதியை இறைத்துவிடும், எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. கோழிக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்து, மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

மருந்து ஓடும் நாட்களில் இடும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. மருந்து முடிந்த பிறகும் அதன் மிச்சம் முட்டையில் தொடரும். எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பதைக் கேட்டுக்கொண்டு, அதுவரை புதைத்துவிடுங்கள். வாத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி விளையாட்டில்லை.

கொஞ்ச நாள் முட்டையை நிறுத்துவது

புண்பட்ட குழாய்க்கு ஓய்வு வேண்டும். பறவைக்கு முட்டையிடச் சொல்வது வெளிச்சம். குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்தாலே பகல் சுருங்கி முட்டை நின்றுவிடும். தமிழ்நாட்டில் பகல் மார்கழியிலும் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் இங்கே இயற்கையாக நிற்பது குறைவு. நாமே சுருக்க வேண்டும். மாலை ஐந்துக்குக் கூட்டை இருட்டாக்கி, காலை எட்டுக்குத் திறந்தால் ஒன்பது மணி நேரம். காற்றோட்டம் கெடாமல் கறுப்புத் துணி தொங்கவிட்டால் போதும். திண்ணை விளக்கு கூட்டுக்குள் விழுகிறதா என்று இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் விழுந்துகொண்டிருந்தது.

சேவல் வாத்தைக் கட்டாயம் பிரித்து வையுங்கள். ஐந்தாறு பெட்டைக்கு ஒன்று என்பது கணக்கு. இரண்டு பெட்டைக்கு ஒரு சேவல் என்று வைத்திருந்தால் ஓயாத மிதிப்பே புண்ணுக்கும் தொற்றுக்கும் வழி.

தீனிக் கிண்ணம்

அந்த நாட்களில் அறுவடை வயலுக்கு வாத்து ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். செம்பியைப் பார்த்தார், பிறகு அதன் கிண்ணத்தைப் பார்த்தார்.

"வெறும் குருணைதானா தம்பி?"

"பழைய சோறும் போடுவேங்க ஐயா."

"எங்கது வயல்ல நத்தைய ஓட்டோட முழுங்கும். இது எங்க போவும்?"

வீட்டில் வளர்க்கும் வாத்தின் கோளாறு முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிட்டது. மேய்கிற வாத்துக்கு நத்தை ஓட்டில் கால்சியம் கிடைக்கிறது, வெயிலில் வைட்டமின் டி கிடைக்கிறது. கொல்லையில் அடைத்த வாத்துக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். முட்டையிடும் பெட்டைக்கு ஏறக்குறைய 3 சதவீதம் கால்சியம் உள்ள லேயர் தீவனம், தனிக் கிண்ணத்தில் உடைத்த கிளிஞ்சல். தீவனத்தோடு கலக்காமல் தனியே வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாத்துக்குக் கோழியைவிட நியாசின் (வைட்டமின் பி3) அதிகம் தேவை, கோழித் தீவனம் போடுகிறவர்கள் அதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். ஈரம் பட்டுப் பூசணம் பூத்த புண்ணாக்கில் அஃப்லடாக்சின் இருக்கும். அந்த நஞ்சுக்கு வாத்தைப் போல விரைவில் விழும் வளர்ப்புப் பறவை வேறில்லை, ஈரலைத் தின்றுவிடும். லேசாக வாடை வந்தாலும் குப்பைக்கு. பூசணம் பிடித்த வைக்கோலும் அப்படியே, அது நுரையீரலைப் பிடிக்கும்.

இவற்றோடு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், ஓடு எப்படி என்று மூன்று கட்டம். என் பழைய நோட்டைப் புரட்டியபோது, மார்கழிக்கு முன் இரண்டு வாரத்தில் மூன்று முறை "ஓடு சொரசொரப்பு" என்று என் கையெழுத்தே இருந்தது. எழுதினேன், படிக்கவில்லை.

இரண்டாம் மருந்து முடிந்து பத்தொன்பதாம் நாள் விடியற்காலை, கறுப்புத் துணியைக் கொஞ்சம் சீக்கிரம் எடுக்கத் தொடங்கிய வாரத்தில், வைக்கோலில் ஒரு முட்டை கிடந்தது. தராசில் 62 கிராம். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், ஓடு ஒரே சீராக இருந்தது. மருந்துக்காகத் தள்ள வேண்டிய நாள் கணக்கு இன்னும் முடியாததால் அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். செம்பி பக்கத்திலேயே நின்று நான் தோண்டிய மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.